புகுந்த வீட்டுக்கு அனுப்பினாலும் தாய் வீடு: டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி

மகப்பேறு உதவின்னு அரசு கொடுக்கிற ரூ.18,000 நம்ம எல்லாருக்கும் தெரியும். திருப்பரங்குன்றம் பக்கத்து நம்ம குழுக்களில் மகளுக்கோ மருமகளுக்கோ அதுக்கு எழுதிப் போடாத வீடு குறைவு. அந்தத் திட்டத்துக்கு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரை வைத்திருக்கிறார்கள். பேரு வாயில வருது, ஆனா அந்த அம்மா என்ன செஞ்சாங்கன்னு நம்மில் பலருக்குத் தெரியாது. தெரிஞ்சுக்க வேண்டிய கதை இது, சகோதரிகளே.

1886 ஜூலை 30-ல் புதுக்கோட்டையில் பிறந்தவர் முத்துலட்சுமி. அப்பா நாராயணசாமி கல்லூரி முதல்வர். அம்மா சந்திரம்மாள், சின்ன வயசிலேயே பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடுகிற வழக்கம் இருந்த சமூகத்தில் பிறந்தவர். வயசுக்கு வந்ததும் பள்ளிக்கூடம் போக முடியாமல் முத்துலட்சுமி வீட்டிலிருந்தே படித்துத் தேறினார். ஆண்கள் மட்டுமே படித்த புதுக்கோட்டை மன்னர் கல்லூரியில் சேரப் போனபோது எதிர்ப்பு கிளம்பியது. மன்னரே சேர்த்துக்கொள்ளச் சொன்ன பிறகுதான் இடம் கிடைத்தது. பிறகு சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து 1912-ல் டாக்டரானார்.

1914-ல் டாக்டர் சுந்தர ரெட்டியைத் திருமணம் செய்தார். சும்மா தலையாட்டிக் கழுத்தை நீட்டவில்லை. தன்னைச் சமமாக நடத்த வேண்டும், தன் விருப்பத்துக்குக் குறுக்கே நிற்கக் கூடாது என்று முன்கூட்டியே பேசிக்கொண்டுதான் சம்மதித்தார். அவரும் கடைசி வரை அப்படியே நடந்துகொண்டார்.

1927-ல் சென்னை சட்டசபையில் உட்கார்ந்த முதல் பெண் இவர்தான். துணைத் தலைவராகவும் தேர்ந்தெடுத்தார்கள். அங்கே அவர் கையில் எடுத்த பெரிய வேலை, பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிப்பது.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்கணும். வழக்கத்தை விட்டு வெளியே வான்னு அந்தப் பெண்களைக் கூப்பிட்டா மட்டும் போதுமா? வெளியே வந்தா சோத்துக்கு என்ன வழி? கோயில் ஊழியத்துக்காக அவர்களுக்கு மானிய நிலம் இருந்தது. ஊழியத்தை விட்டால் நிலமும் கையை விட்டுப் போகும். அதனால் 1929-ல் முதலில் வந்த சட்டம் நிலத்தைப் பற்றியது. ஊழியம் செய்யாவிட்டாலும் நிலம் அந்தப் பெண்ணிடமே இருக்கலாம் என்று ஆனது. பொட்டுக்கட்டுவதையே தடை செய்யும் சட்டம் 1947-ல்தான் நிறைவேறியது. காந்தி கைதானதைக் கண்டித்து 1930-லேயே முத்துலட்சுமி பதவியை விட்டுவிட்டார். ஆனாலும் இந்த வேலையை விடவில்லை.

அந்தக் காலத்தில்தான், பொட்டுக்கட்டும் வழக்கத்துக்குத் தப்பி வந்த இளம்பெண்கள் மூணு பேர் ஒரு ராத்திரி அவர் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். எந்தக் குலத்துப் பொண்ணுங்கன்னு பார்த்து விடுதிகள் அவர்களைச் சேர்க்கவில்லை. சட்டம் பேசின அம்மாவுக்கு, இந்தப் பிள்ளைங்க இன்னைக்கு ராத்திரி எங்க படுக்கும் என்ற கேள்வி வாசலில் வந்து நின்றது. தன் வீட்டிலேயே வைத்துக்கொண்டார். அப்படி 1930-களின் தொடக்கத்தில் பிறந்ததுதான் அவ்வை இல்லம். பிறகு அது அடையாறுக்கு மாறியது. ஆதரவற்ற பெண்களும் குழந்தைகளும் சாதி பார்க்காமல் அங்கே சேர்க்கப்பட்டார்கள்.

சோறு போட்டு வளர்த்து, வயசானதும் வாசலைக் காட்டுகிற இடமாக அதை அவர் நடத்தவில்லை. படிப்பு, கைத்தொழில், ஆசிரியர் பயிற்சி என்று வழி செய்தார். வெளியே போகிற பெண் ஒரு தொழிலோடு போகணும் என்பது அவர் கணக்கு.

தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர், 1954-ல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை தொடங்கவும் காரணமானார். 1956-ல் பத்மபூஷண் விருது பெற்றார். 1968 ஜூலை 22-ல் காலமானார். அவ்வை இல்லம் அவருக்குப் பிறகும் நடந்து வருகிறது.

இப்ப நம்ம காலத்துக்கு வருவோம். இல்லங்களில் வளரும் பிள்ளைகளுக்கு 18 வயசு முடிந்தால் வெளியே வர வேண்டிய நேரம். நம்ம வீட்டுப் பிள்ளைக்கு 18 வயசுன்னா இன்னும் குழந்தைதான். இவங்களுக்கோ அன்னைக்கே எல்லாம் தனியா. வாடகைக்கு வீடு கேட்டா, அப்பா அம்மா யாருன்னு கேப்பாங்க. வேலைக்குப் போனா, ஜாமீனுக்கு ஆள் கேப்பாங்க. தீபாவளிக்குப் போக ஒரு வீடு இருக்காது. பொண்ணா இருந்தா, பிரசவத்துக்குப் போகத் தாய் வீடும் கிடையாது.

இவர்களுக்குச் சட்டத்தில் வழி இருக்கிறது. 2015-ன் இளைஞர் நீதிச் சட்டப்படி, 18 முடிந்து வெளியே வருகிறவர்களுக்கு 21 வயது வரை பிற்காப்பு உதவி உண்டு. மிஷன் வாத்சல்யா திட்டத்தில் இதற்கு மாதம் ரூ.4,000 வரை வைத்திருக்கிறார்கள். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் கேட்க வேண்டும். அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த பெண் கல்லூரி போனால், புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ரூ.1,000 கிடைக்கும். அந்தத் திட்டத்துக்குப் பெயர் தந்த மூவலூர் ராமாமிர்தம் அம்மையாரும் பொட்டுக்கட்டும் வழக்கத்தை எதிர்த்தே போராடியவர்தான். 18 வயசுக்குக் கீழே ஆதரவில்லாத பிள்ளையைக் கண்டால் 1098-க்குப் போன் போடலாம்.

பணம் அரசு கொடுக்கும். ஆளாக நிற்பதற்கு அரசால் முடியாது, அது நம்மால் முடியும். நம்ம தெருவில் அப்படி ஒரு பொண்ணு குடிவந்தா, வீட்டுக்காரம்மாகிட்ட நாம ஒரு வார்த்தை சொல்லலாம். 18 முடிஞ்சவளைக் குழுவில் சேர்த்துச் சேமிப்புப் புத்தகம் போட்டுக் கொடுக்கலாம். ஆதார், ரேஷன் கார்டுக்குக் கூடப் போகலாம். தையலோ சமையலோ, தெரிஞ்ச தொழிலைச் சொல்லிக் கொடுக்கலாம். பொங்கலுக்கு வாம்மான்னு கூப்பிடலாம்.

முத்துலட்சுமி அம்மா அன்னைக்கு ராத்திரி திறந்தது தன் வீட்டுக் கதவைத்தான். நம்ம கூட்டமைப்பில் எத்தனை வீடு இருக்குன்னு எண்ணிப் பாருங்க.