ஜே. பி. சந்திரபாபு

ஜே. பி. சந்திரபாபு (1927 – மார்ச் 8, 1974) தமிழ்த் திரைப்பட நகைச்சுவை நடிகரும் பின்னணிப் பாடகரும் இயக்குநரும் ஆவார். மேற்கத்திய இசையிலும் நடனத்திலும் கொண்ட ஈடுபாட்டால் தமிழ்த் திரையிசையில் தனக்கென ஓர் இடத்தைப் பெற்றவர். யோடலிங் எனப்படும் குரல் உத்தியைத் தமிழ்ப் பாடல்களில் பரவலாக அறியச் செய்தவர் இவரே.

பிறப்பும் இளமையும்

சந்திரபாபு 1927 ஆகஸ்ட் மாதத்தில் தூத்துக்குடியில் ஒரு கத்தோலிக்கப் பரதவர் குடும்பத்தில் பிறந்தார். முத்துக்குளித்தலைத் தொழிலாகக் கொண்டிருந்த இக்கடற்கரையின் பரதவர் 1530களில் போர்த்துக்கேயர் காலத்தில் கத்தோலிக்க சமயத்தைத் தழுவினர். ரொட்ரிகோ, பெர்னாண்டோ முதலிய குடும்பப் பெயர்கள் அவர்களிடையே வழங்குவது இதனாலேயே. இவருடைய தந்தையாரின் பெயரும் ஜே. பி. ரொட்ரிகோ என்பதாகும்.

இவரது இயற்பெயர் ஜோசப் பனிமயதாஸ். தூத்துக்குடியின் புகழ்பெற்ற பனிமய மாதா ஆலயத்தையொட்டி இடப்பட்ட பெயர் இது. குழந்தைப் பருவத்தில் கடும் நோயுற்றுப் பிழைத்ததை மாதாவின் அருளாகக் குடும்பத்தார் கருதினர். வீட்டில் பாபு என அழைக்கப்பட்ட இவர், தம் குலத்தவர் சந்திர குலத்தினர் எனக் கூறும் மரபைக் கொண்டு பின்னாளில் சந்திரபாபு எனப் பெயர் சூட்டிக்கொண்டார்.

தந்தையார் இந்திய விடுதலைப் போராட்டத்தில் ஈடுபட்டவர், இதழ் நடத்தியவர். 1929இல் அவர் இலங்கைக்கு நாடுகடத்தப்பட்டதால் குடும்பம் கொழும்பில் குடியேறியது. எனவே சந்திரபாபுவின் பள்ளிப் பருவம் கொழும்பிலேயே கழிந்தது. 1925இலேயே வானொலி ஒலிபரப்புத் தொடங்கிவிட்ட நகரம் அது. போர்த்துக்கேய, ஆப்பிரிக்க இசைகளின் வழிவந்த பைலாப் பாடல்களும் ஆங்கில இசைத்தட்டுகளும் அங்குப் பரவலாகக் கேட்கப்பட்டன. 1943இல் குடும்பம் சென்னைக்குத் திரும்பித் திருவல்லிக்கேணியில் வாழ்ந்தது.

திரையுலக நுழைவு

1947இல் வெளிவந்த தன அமராவதி இவருடைய முதல் திரைப்படமாகும். ஆயினும் அதன்பின் வாய்ப்புகள் எளிதில் கிட்டவில்லை. 1950களின் தொடக்கத்தில் ஜெமினி நிறுவனத்தில் எஸ். எஸ். வாசனைச் சந்திக்கப் பலமுறை முயன்றும் இயலாத நிலையில், மனமுடைந்து தற்கொலைக்கு முயன்றார். காப்பாற்றப்பட்ட பின் அக்காலச் சட்டப்படி வழக்குத் தொடரப்பட்டது. நீதிமன்றத்தில் தீக்குச்சியைக் கொளுத்தித் தன் கையில் வைத்து, காயத்தைப் பிறர் காணலாமேயன்றி வலியை உணரவியலாது என விளக்கியதாகவும், அதன்பின் விடுவிக்கப்பட்டதாகவும் கூறப்படுகிறது. இந்நிகழ்வுக்குப் பின்னர் ஜெமினியின் மூன்று பிள்ளைகள் (1952) திரைப்படத்தில் நடிக்கும் வாய்ப்பைப் பெற்றார்.

நடிப்பு

மகாதேவி (1957), நாடோடி மன்னன் (1958) முதலிய படங்கள் இவரை முன்னணி நகைச்சுவை நடிகராக்கின. பி. ஆர். பந்துலு இயக்கிய சபாஷ் மீனா (1958) படத்தில் சிவாஜி கணேசனுடன் நடித்தார். அதில் இவர் ஏற்ற இரட்டை வேடங்களுள் ஒன்றான ரிக்சாக்காரர் பாத்திரம் சென்னைத் தமிழைத் திறம்படக் கையாண்டதற்காக இன்றும் நினைவுகூரப்படுகிறது. ஏவிஎம் தயாரித்த சகோதரி (1959) படத்திற்கு வலுச்சேர்க்க இவருடைய நகைச்சுவைக் காட்சிகள் பின்னர் சேர்க்கப்பட்டன. படம் வெற்றி பெற்றது.

உடலை வளைத்தும் விழுந்தெழுந்தும் ஆடும் நடிப்பு இவருடையது. வசனத்தை மட்டும் நம்பிய நகைச்சுவையிலிருந்து இது வேறுபட்டிருந்தது.

இசையும் யோடலிங்கும்

நெஞ்சிலிருந்து எழும் இயல்பான குரலுக்கும் உச்ச நிலையில் ஒலிக்கும் பொய்க்குரலுக்கும் இடையே விரைந்து மாறி மாறிப் பாடுவது யோடலிங் ஆகும். ஆல்ப்ஸ் மலைப்பகுதி இடையர்களிடம் வழங்கிய இம்முறை அமெரிக்க நாட்டுப்புற இசையில் கலந்தது. சந்திரபாபு பிறந்த அதே 1927ஆம் ஆண்டில் ஜிம்மி ராட்ஜர்ஸ் தன் முதல் யோடல் பாடலைக் கிதார் இசையுடன் ஒலிப்பதிவு செய்தார். அவர் பாடிய வகை இசையும் கறுப்பின மக்களின் புளூஸ் இசையும் பின்னாளில் ராக் அண்டு ரோல் இசைக்கு ஊற்றாயின.

1950களில் மின்கிதாரும் டிரம்சும் முழங்கும் ராக் அண்டு ரோல் உலகெங்கும் பரவியபோது, அதன் துள்ளலைத் தமிழ்ப் பாடல்களில் உணர்த்தியவர்களுள் சந்திரபாபு முதன்மையானவர். இந்தித் திரையிசையில் கிஷோர் குமார் யோடலிங்கைக் கையாண்ட காலமும் அதுவே.

இவர் பெரும்பாலும் தன் பாடல்களைத் தானே பாடினார். விதிவிலக்காக, பெண் திரைப்படத்தில் வீணைக் கலைஞர் எஸ். பாலச்சந்தருக்குப் பின்னணி பாடினார். மணமகன் தேவை (1957) படத்தில் ஜி. ராமநாதன் இசையிலும், புதையல் (1957) படத்தில் விஸ்வநாதன்–ராமமூர்த்தி இசையிலும், மரகதம் (1959) படத்தில் எஸ். எம். சுப்பையா நாயுடு இசையில் ஜமுனா ராணியுடன் இணைந்தும் பாடிய பாடல்கள் பெரும் புகழ் பெற்றன. கேலியும் துள்ளலும் நிறைந்தவை ஒருபுறமிருக்க, கவலை இல்லாத மனிதன் (1960), குமாரராஜா (1961), அன்னை (1962) ஆகிய படங்களில் இவர் பாடியவை வாழ்வின் நிலையாமையையும் மனிதரின் போலித்தனத்தையும் எளிய சொற்களில் பேசுபவை.

தொடக்க காலத்தில் இவரால் பாட இயலாது எனக் கருதியவர்களுள் ஒருவராகக் கூறப்படும் எம். எஸ். விஸ்வநாதன், பின்னர் இவருடைய நெருங்கிய நண்பரானார்.

1965ஆம் ஆண்டு இந்திய–பாகிஸ்தான் போரையொட்டிப் படைவீரர்களை மகிழ்வித்துத் திரும்பிய கலைஞர் குழு, குடியரசுத் தலைவர் எஸ். இராதாகிருஷ்ணனைச் சந்தித்தது. அப்போது சந்திரபாபு பாடியதை அவர் பாராட்டியதாகவும், மகிழ்ச்சி மிகுதியால் சந்திரபாபு அவர் மடியில் அமர்ந்துவிட்டதாகவும் கூறுவர்.

சரிவு

கண்ணதாசன் தயாரித்து, சந்திரபாபு நாயகனாக நடித்த கவலை இல்லாத மனிதன் வணிக அளவில் தோல்வியடைந்தது. பின்னர் எம். ஜி. ஆரை நாயகனாகக் கொண்டு மாடி வீட்டு ஏழை என்னும் படத்தைத் தொடங்கினார். அது பாதியிலேயே நின்றுபோனது. இதனால் ஏற்பட்ட கடனில் தன் சொத்துகளை இழந்தார். சாவித்திரி நடிக்க, தாமே இயக்கி நடித்த தட்டுங்கள் திறக்கப்படும் (1966) வெற்றி பெறவில்லை. விவிலியத் தொடரைத் தலைப்பாகக் கொண்ட இதுவே இவர் இயக்கிய ஒரே படமாகும்.

இவருடைய மணவாழ்வும் குறுகிய காலத்தில் முடிவுற்றது. உள்ளத்தில் பட்டதை எவரிடமும் மறைக்காமல் பேசும் இயல்பு இவருக்கு நண்பர்களைத் தந்ததுடன் வாய்ப்புகளையும் குறைத்தது. இறுதிக் காலத்தில் குடிப்பழக்கம் உடல்நலத்தைக் கெடுத்தது. அடிமைப்பெண் (1969) முதலிய சில படங்களிலேயே நடித்தார்.

மறைவு

சந்திரபாபு 1974 மார்ச் 8 அன்று சென்னையில் தம் 46ஆம் வயதில் காலமானார். அவர் விரும்பியவாறு உடல் எம். எஸ். விஸ்வநாதன் இல்லத்தில் வைக்கப்பட்டுப் பின்னர் அடக்கம் செய்யப்பட்டது. அவர் பாடிய பாடல்கள் அரை நூற்றாண்டு கடந்தும் மேடைகளிலும் வானொலியிலும் ஒலித்து வருகின்றன.