பாலத்துக்காக வாதாடிய வழக்கறிஞர்

ஆபிரகாம் லிங்கன் என்றதும் மரக்குடிசை நினைவுக்கு வரும். அடிமைத்தளை அறுத்த ஆணை நினைவுக்கு வரும். குண்டடிபட்டுச் சாய்ந்த கொடுமை நினைவுக்கு வரும். மேடைதோறும் நாம் சொல்வதும் இவற்றைத்தான். ஆனால், குடிசையிலே பிறந்தவர் வெள்ளை மாளிகையிலே நுழையுமுன் ஏறத்தாழ 24 ஆண்டுகள் என்ன தொழில் செய்து பிழைத்தார்? வக்கீல் தொழில்! அதிலும் பெரும்பாலானவை கொலை வழக்குகளல்ல. கொடுத்த கடன், முறிந்த ஒப்பந்தம், ரயில் பாதை, ஆற்றுப் பாலம் - இப்படிப்பட்ட வழக்குகள்தாம். அந்தக் கதையிலே பாட்டாளிக்குப் பாடம் இருக்கிறது, ஆகவே சொல்கிறோம்.

1809 பிப்ரவரி 12-இல் கென்டக்கியில் பிறந்தார் லிங்கன். பள்ளிக்கூடத்தில் இருந்த நாட்களையெல்லாம் கூட்டினாலும் ஓராண்டு தேறாது! மரம் வெட்டினார், வேலிக்கட்டை பிளந்தார், படகு தள்ளினார். கூட்டுச் சேர்ந்து கடை வைத்தார், கடை நொடித்தது. கூட்டாளி 1835-இல் மாண்டார். கடன் முழுவதும் லிங்கன் தலையில் விழுந்தது. ஊரை விட்டு ஓடினாரா? இல்லை. பல ஆண்டுகள் உழைத்துக் கடனை அடைத்தார். தபால் நிலையத்தை நடத்தினார், நிலம் அளந்தார். சட்டக் கல்லூரியின் வாசற்படியை மிதித்ததில்லை. ஜான் ஸ்டூவர்ட் என்ற வழக்கறிஞரிடம் சட்ட நூல்களை இரவல் வாங்கித் தாமே படித்தார். 1836-இல் உரிமம் பெற்றார். 1837-இல் இல்லினாய்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டு நகருக்கு வந்து, ஸ்டூவர்ட்டுடன் சேர்ந்து தொழில் நடத்தினார்.

ஆண்டுக்கு இருமுறை, நீதிபதியும் வழக்கறிஞர்களும் ஊர் ஊராகச் சென்று நீதிமன்றம் நடத்துவார்கள். சேற்றுப் பாதையிலே குதிரையேறிச் சுற்றினார் லிங்கன். அவரும் அவருடைய கூட்டாளிகளும் நடத்திய வழக்குகள் 5,000-க்கு மேல் என்பது ஆய்வாளர்கள் கண்ட கணக்கு. பாதிக்கு மேல் கடன் வழக்குகள்!

காசு வழக்கில் என்ன பெருமை என்று கேட்கத் தோன்றும். 1841-இல் இல்லினாய்ஸ் உச்ச நீதிமன்றத்திலே ஒரு கடன் பத்திர வழக்கு. நான்ஸ் என்ற கறுப்புப் பெண்ணை விலை பேசி எழுதிக் கொடுத்த பத்திரம் அது. இந்த மாநிலத்திலே மனிதரை விற்க முடியாது, விற்க முடியாததற்கு எழுதிய பத்திரம் செல்லாது என்று வாதாடி வென்றார். வெறும் கடன் பத்திரத்திலே ஒரு பெண்ணின் விடுதலை அடங்கியிருந்தது!

1850-க்குப் பின் இரும்புப் பாதைகள் பரவின. கம்பெனிகள் லிங்கனைத் தேடின. அவர் கம்பெனிகளுக்காகவும் வாதாடினார், கம்பெனிகளை எதிர்த்தும் வாதாடினார். இல்லினாய்ஸ் சென்ட்ரல் ரயில்வேயின் நிலத்துக்கு ஒரு மாவட்டம் வரி போட்டது. அந்த வழக்கை 1856-இல் வென்று கொடுத்தார் லிங்கன். கூலியாக 5,000 டாலர் கேட்டார். கம்பெனி கொடுக்க மறுத்தது. வென்று கொடுத்தவரே தம் கட்சிக்காரர்மீது வழக்குத் தொடுத்தார், 1857-இல் வென்றார்! உழைத்த கூலியைக் கேட்பதிலே வெட்கமென்ன?

அதே ஆண்டு வந்தது பாலத்து வழக்கு. மிசிசிப்பி ஆற்றின் குறுக்கே முதல் ரயில் பாலம், ராக் ஐலண்டில், 1856 ஏப்ரலில் திறக்கப்பட்டது. மே 6-இல் ‘எஃபி ஆஃப்டன்’ என்ற நீராவிக் கப்பல் பாலத்தூணில் மோதித் தீப்பற்றியது. பாலத்தின் ஒரு பகுதியும் எரிந்தது. கப்பல்காரர் நஷ்டஈடு கேட்டார். ஆற்றுக்கு இடையூறு பாலம் என்றது கப்பல் கூட்டம். பாலத்துக்காக வாதாடினார், ஒருகாலத்தில் படகு தள்ளிய லிங்கன்! நீரோட்டத்தின் வேகமென்ன, தூண் நின்ற கோணமென்ன, கப்பலின் சக்கரம் ஏன் ஓடவில்லை என்று கணக்கோடு பேசினார். ஓராண்டுக்குள் 12,586 சரக்கு வண்டிகளும் 74,179 பயணிகளும் பாலத்தைக் கடந்ததை எடுத்துக் காட்டினார். ஆற்றின் வழியே போக உரிமை உண்டென்றால், ஆற்றைக் கடந்து போகவும் உரிமை உண்டு. இதுதான் வாதத்தின் சாரம். ஜூரிகள் ஒத்த முடிவுக்கு வரவில்லை. பாலம் நின்றது.

புகழ் பாடி விட்டுக் கறையை மறைப்பது நமக்கு அழகல்ல. 1847-இல் மாட்சன் என்ற அடிமை முதலாளியின் பக்கம் நின்று, ஜேன் என்ற தாயையும் அவள் பிள்ளைகளையும் திரும்பப் பிடித்துக் கொடுக்க வாதாடியவரும் இதே லிங்கன்தான். தோற்றார். நல்லவேளை, தோற்றார்! கட்சிக்காரருக்காக வாதாடுவது தொழில் தர்மம் என்பார்கள். தொழில் தர்மம் மனித தர்மத்தை மிதிக்குமானால் அது கறைதான்.

1855-இல் சின்சினாட்டியில் அறுவடை இயந்திரக் காப்புரிமை வழக்கு. அமர்த்தப்பட்ட வழக்கறிஞர்களில் லிங்கனும் ஒருவர். நகரத்து வழக்கறிஞர் ஸ்டான்டன் அவரை நாட்டுப்புறத்தான் என்று ஒதுக்கினார். வாய் திறக்க வாய்ப்பே தரவில்லை. லிங்கன் உட்கார்ந்து கேட்டார். திறமையாளர் எப்படி வாதாடுகிறார் என்று கற்றுக்கொண்டார். 1862-இல், குடியரசுத் தலைவர் லிங்கன் அதே ஸ்டான்டனைப் போர்த்துறை அமைச்சராக்கினார். அவமானத்தைவிட நாட்டின் தேவை பெரிதெனக் கண்டார்!

1863 ஜனவரி முதல் நாள் விடுதலை ஆணை நடைமுறைக்கு வந்தது. ஊர் ஆரவாரம் செய்தது. வழக்கறிஞர் லிங்கனுக்கோ கவலை. போர்க்கால ஆணை இது. போர் முடிந்தபின் நீதிமன்றம் செல்லாதென்றால்? ஓட்டையுள்ள பத்திரத்தை அவர் எத்தனை கண்டவர்! ஆகவே அரசியல் சட்டத்தையே திருத்தப் பாடுபட்டார். 1865 ஜனவரி 31-இல் மக்களவை நிறைவேற்றியது. ஏப்ரல் 15-இல் லிங்கன் மாண்டார். டிசம்பரில் மாநிலங்களின் ஒப்புதல் முழுமை பெற்றது. பதின்மூன்றாவது திருத்தம் சட்டமாயிற்று.

தோழர்களே! சட்டம் படித்தவர் வீட்டுப் பரம்பரைச் சொத்தல்ல. ஓராண்டுகூடப் பள்ளி காணாதவர் இரவல் நூலில் கற்ற சட்டம், ஒரு நாட்டின் விலங்கை உடைத்தது. முழக்கம் வேண்டும், உரிமை பிறக்க அது வேண்டும். பிறந்த உரிமை நிலைக்க, எழுதிய எழுத்தில் ஓட்டை இருக்கக்கூடாது. கூலி ஒப்பந்தமானாலும் கடன் பத்திரமானாலும், படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். படிக்கத் தெரியாதவருக்குப் படித்துக் காட்டுங்கள். அதுவும் இயக்கப் பணிதான்!