முடி துறந்த ராஜரிஷி

வாழ்க்கைக்குப் போதிய பொருள் சேர்ந்த பின்னரும் மனம் ஒட்டாத பணியிலேயே ஆயுளைக் கழிப்பவர்கள் பலர். சேர்த்த பொருள் அவர்களுக்கு விடுதலை தருவதில்லை. விட்டால் என்ன ஆகுமோ என்ற அச்சத்தையே வளர்க்கிறது. வேறு சிலரோ சிறிது சலிப்பு தோன்றியவுடன் பணியை உதறிவிட்டு, அதனைத் துறவு என்று எண்ணிக்கொள்கின்றனர். இவ்விரண்டிற்கும் நடுவே நேரிய வழி ஒன்று உண்டா? கொச்சி சமஸ்தானத்தை ஆண்ட பதினைந்தாம் ராமவர்மாவின் வாழ்க்கை இக்கேள்விக்கு ஒரு விடையாக அமைந்துள்ளது.

1852-ஆம் ஆண்டு பிறந்த ராமவர்மா இளமையிலிருந்தே சம்ஸ்கிருதத்திலும் சாஸ்திரங்களிலும் ஆழ்ந்த பயிற்சி பெற்றார். கொச்சியில் ஆட்சி தந்தையிடமிருந்து மகனுக்குச் செல்லவில்லை. மருமக்கள்தாய முறைப்படி, தாய்வழிக் குடும்பத்தில் மூத்த ஆண்மகனையே அது சென்றடைந்தது. எனவே ஓர் இளவரசர் அரியணை ஏறப் பல ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தது. அந்தக் காலத்தை ராமவர்மா கல்வியில் செலவிட்டார். 1892-ஆம் ஆண்டின் இறுதியில் சுவாமி விவேகானந்தர் கன்னியாகுமரி செல்லும் வழியில் கொச்சி நாட்டைக் கடந்து சென்றதும், எர்ணாகுளத்தில் சட்டம்பி சுவாமிகளைச் சந்தித்ததும் நம் வாசகர்கள் அறிந்ததே. அதற்கு மூன்றாண்டுகளுக்குப் பின், 1895-இல், நாற்பதைக் கடந்த வயதில் ராமவர்மா மன்னரானார்.

கொச்சி மன்னர்களின் முடிசூட்டு விழாக்களோடு தொடர்புடைய இடம் மட்டாஞ்சேரி அரண்மனை. பதினாறாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் போர்ச்சுக்கீசியர் கட்டிக் கொடுத்த இந்த மாளிகையை 1663-க்குப் பின் டச்சுக்காரர்கள் செப்பனிட்டதால், அது டச்சு அரண்மனை என்று வழங்கலாயிற்று. அதன் சுவர்களில் ராமாயணக் காட்சிகள் தீட்டப்பட்டுள்ளன. உள்ளே முடிசூட்டு மண்டபமும் உள்ளது. கொச்சி மன்னர்கள் மகுடத்தைத் தலையில் சூடாமல் மடியிலேயே வைத்துக்கொள்வது மரபாக இருந்தது. இழந்துவிட்ட பழைய தலைநகரை மீட்கும்வரை முடி சூடுவதில்லை என்று முன்னோர் செய்த சபதத்தை இதற்குக் காரணமாகக் கூறுவர். பதவி தன்னுடையது அன்று, தன்னிடம் ஒப்படைக்கப்பட்டது என்ற எண்ணத்திற்கு இதைவிடச் சிறந்த அடையாளம் வேண்டுமா?

அந்த எண்ணத்துடனேயே அவர் ஆட்சி செய்தார் எனலாம். அந்நாளில் ரயில் பாதை ஷொர்ணூர் வழியே சென்றதேயன்றி எர்ணாகுளத்தை எட்டவில்லை. அங்கிருந்து எர்ணாகுளத்திற்குப் பாதை அமைக்கச் சிறிய சமஸ்தானத்திடம் போதிய நிதி இல்லை. திருப்பூணித்துறை பூர்ணத்ரயீசர் கோயில் யானைகளின் பதினைந்து பொன் நெற்றிப்பட்டங்களுள் பதினான்கை விற்று மன்னர் பணம் திரட்டினார் என்று கொச்சி மக்கள் இன்றும் சொல்வர். 1902-ஆம் ஆண்டு ரயில் ஓடத் தொடங்கியது. பெட்டியில் கிடந்த பொன், மக்களின் பாதையாயிற்று. அவரது ஆட்சிக் காலத்தில் நில அளவையும் வரித் திட்டமும் சீரமைக்கப்பட்டன. சாலக்குடியிலிருந்து காட்டுக்குள் செல்லும் டிராம் பாதையும் உருவாயிற்று.

ஆயினும் மன்னரின் கைகள் கட்டப்பட்டே இருந்தன. கொச்சி, ஆங்கில அரசுக்கு ஆண்டுதோறும் கப்பம் செலுத்திய நாடு. முக்கிய முடிவு ஒவ்வொன்றிலும் ஆங்கிலேயப் பிரதிநிதியான ரெசிடெண்டின் கருத்தைக் கேட்க வேண்டியிருந்தது. பொறுப்பு முழுவதும் தம்முடையது, அதிகாரமோ பிறருடையது என்ற நிலை அவருக்கு.

1914-ஆம் ஆண்டு டிசம்பரில் ராமவர்மா அரியணையைத் துறந்தார். முதுமையும் உடல்நலக் குறைவும் காரணம் என்பர் சிலர். ஆங்கில அரசுடன் எழுந்த கருத்து வேற்றுமை என்பர் சிலர். காரணம் எதுவாயினும், மன்னர்கள் இறுதி மூச்சுவரை பற்றிக்கொள்ளும் ஒன்றை அவர் தாமே விட்டார். மக்கள் அவரை ‘ஒழிந்த வலிய தம்புரான்’ என்றும் ராஜரிஷி என்றும் அழைத்தனர்.

இது கடமையிலிருந்து தப்பி ஓடுவது ஆகாதா? ஜனகர் அரியணையில் இருந்தபடியே ஞானியாக வாழவில்லையா? நியாயமான கேள்விதான். துன்பத்திற்கு அஞ்சிக் கடமையைக் கைவிடுவது ராஜஸத் துறவு, அதனால் துறவின் பயன் கிட்டாது என்று கீதையின் பதினெட்டாம் அத்தியாயம் தெளிவாகக் கூறுகிறது. ராமவர்மாவின் செயலை அந்த அளவுகோலால் நாம் அளந்து பார்க்கலாம். ஏறத்தாழ இருபது ஆண்டுகள் சுமையைச் சுமந்து, செய்ய வேண்டியவற்றைச் செய்து முடித்த பிறகே அவர் இறங்கினார். மரபுப்படி அடுத்து வரவேண்டியவரிடம் நாடு சென்றது. யாரும் நிர்க்கதியாக விடப்படவில்லை. அரச குடும்பத்தவர் என்ற முறையில் உணவு, உறைவிடம் பற்றிய கவலை அவருக்கு இல்லை. அந்தப் பாதுகாப்பைச் சுகபோகத்திற்கு அன்றி, இளமையில் தொடங்கிய சாஸ்திர சிந்தனைக்கே அவர் பயன்படுத்தினார். 1932-இல் மறையும்வரை, ஏறத்தாழ பதினேழு ஆண்டுகள் அவ்வாறு கழிந்தன.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். பொருள் அவருக்கு ஓய்வைத் தந்தது. ஆனால் அந்த ஓய்வை நிரப்பியது பொருள் அன்று, நாற்பது வயதுக்கு முன்பே அவர் தேடி வைத்திருந்த கல்வி. அது இல்லாதிருந்தால், அரண்மனையில் வெறுமையுடன் அமர்ந்திருக்கும் முன்னாள் மன்னர்களுள் ஒருவராகவே அவரும் இருந்திருப்பார்.

வேலையை விட எண்ணும் அன்பர்கள் வங்கிக் கணக்கைப் பார்ப்பதுடன், தம் உள்ளத்தையும் பார்க்க வேண்டும். நம்மை நம்பியிருப்போர்க்கு நாம் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டோமா? எதைவிட்டு ஓடுகிறோம் என்பதன்றி, எதை நோக்கிச் செல்கிறோம் என்பது நமக்குத் தெரியுமா? தினமும் அரைமணி நேரமாவது அதில் இப்போதே ஈடுபடுகிறோமா? விட இயலாத நிலையில் உள்ளவர்கள் வருந்த வேண்டியதில்லை. குடும்பத்திற்காக நேர்மையாகச் செய்யும் பணியும் இறைவழிபாடே. விட இயன்றவர்கள், கிடைக்கும் ஓய்வு தமக்கு மட்டும் உரியதன்று என்பதை மறவாதிருந்தால் போதும்.