ருடால்ஃப் விர்ச்சோ

மேனாட்டு வைத்தியக் கலையை வளம்பெறச் செய்த பேரறிஞருள் ருடால்ஃப் விர்ச்சோ என்பார் ஒருவர். அவர்தம் வரலாற்றை நாம் ஈண்டுச் சுருங்க உரைப்பாம்.

இவர் 1821-ஆம் ஆண்டு அக்டோபர் 13-ஆம் நாள், அந்நாளைப் பிரஷ்ய நாட்டுப் பொமரேனியாவிலுள்ள ஷீவல்பைன் என்னுஞ் சிற்றூரிற் பிறந்தார். பெர்லின் நகரில் வைத்தியம் பயின்று 1843-இல் பட்டம் பெற்று, ஆங்குள்ள சாரிட்டே மருத்துவமனையில் இறந்தோர் உடலை அறுத்துச் சோதிக்கும் பணியில் ஈடுபட்டார்.

1845-இல், சமையற்றொழில் செய்துவந்த மாது ஒருத்தியின் உடலைச் சோதித்தபொழுது, குருதி செந்நிறங் குன்றி வெளுத்திருக்கக் கண்டார். அவ்வாண்டிலேயே இத்தகைய நோயைக் கண்டெழுதிய எடின்பரோ நகரத்துப் பென்னட் என்னும் வைத்தியர், குருதி சீழாயிற்றென்று கருதினார். விர்ச்சோவோ, அது சீழன்று, குருதியின் வெள்ளணுக்களே அளவிறந்து பெருகின என்று துணிந்தார். 1847-இல் அதற்கு லுகீமியா எனப் பெயருமிட்டார்.

1848-இல் மேல் சைலீஷியாவில் டைபஸ் சுரம் பரவியபொழுது, அரசினர் இவரை ஆராய்ந்துவர அனுப்பினர். மக்களின் வறுமையும் கல்வியின்மையுமே நோய்க்கு ஏதுவென்று இவர் அஞ்சாது எழுதினார். அவ்வாண்டுக் கிளர்ச்சியிலுங் கலந்தமையால் அரசினர் சினத்திற்காளாகி, 1849-இல் வூர்ஸ்பர்க் பல்கலைக்கழகஞ் சென்றார். 1856-இல் பெர்லினுக்கு மீண்டார். அவ்வாண்டில், இறந்தோர் சிலருடைய நுரையீரலில் அஸ்பர்ஜில்லஸ் என்னும் பூஞ்சணம் வளர்ந்திருந்தமையை உருப்பெருக்குக் கண்ணாடியால் ஆராய்ந்து விரிவாக வெளியிட்டார்.

வெளுத்த குருதியும் நுரையீரற் பூஞ்சணமும் அவர்க்கு வெவ்வேறு பொருள்களாகவே இருந்தன. இந்நாளிலோ அவ்விரண்டும் ஒரே நோயாளியிடத்து வந்து கூடுகின்றன. லுகீமியாவை ஒழிக்கத் தரும் மருந்துகள், உடலைக் காக்கும் நல்ல வெள்ளணுக்களையும் அழித்துவிடுகின்றன. பூஞ்சண வித்துக்களை நாம் யாவரும் நாடோறும் சுவாசிக்கின்றோம். நம் உடல் அவற்றை மாய்த்துவிடுகின்றது. காவலிழந்த நுரையீரலிலோ அவை முளைத்துக் குருதிக்குழாய்களையுந் துளைக்கின்றன. லுகீமியாவுக்குத் தப்பினவர் பூஞ்சணத்தால் மடிதலும் உண்டு.

ஆதலின் வைத்தியர், அத்தகையோரை வடிகட்டிய காற்றுள்ள அறையில் வைத்தும், தடுப்பு மருந்தளித்தும் காக்கின்றனர். கிருமிகளைக் கொல்லும் மருந்தாற் சுரந் தணியாவிடின், தாமதியாது சி.டி. படமெடுத்து நுரையீரலை நோக்குகின்றனர். முன்னர் ஆம்ஃபோடெரிசின் என்னும் மருந்தே புகலிடம். அது சிறுநீரகத்தை வருத்துவது. 2002-இல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி, வோரிகோனசோல் என்னும் மருந்து பெற்றோருள் மிகுதியானோர் பிழைத்தனர் என்று காட்டிற்று.

விர்ச்சோவிடமும் குறையுண்டு. மகப்பேற்றுச் சுரத்தைத் தடுக்க வைத்தியர் கைகழுவவேண்டும் என்ற செம்மல்வைஸின் கொள்கையை அவர் ஏற்றிலர். கூரிய கண்ணுஞ் சிலபோது மறைப்புண்ணும் என்பது நாம் மறத்தற்கரியது.

1902-ஆம் ஆண்டு செப்டம்பர் 5-ஆம் நாள் அவர் இறந்தார். தாம் கண்டெழுதிய அவ்விரு நோய்களுள் ஒன்றையேனும் தீர்க்கும் மருந்து அவர் காலத்தில் இல்லை. ஆயினும் கண்டதைக் கண்டவாறே எழுதிவைத்தார். பின்வந்தோர் அதன்மேற் கட்டினர். பயன் தம் வாழ்நாளில் விளையாதெனினும் பணியைப் பழுதறச் செய்தலே கல்விகற்கும் நமக்கு அப்பெரியார் விட்டுச்சென்ற பாடமாகும்.