மறுப்புக்கு முதலிடம் தந்தவர்

இறைவனைப் பற்றியும், இறைவனுக்கும் உலகுக்கும் உள்ள தொடர்பைப் பற்றியும் முறையாக ஆராயும் கல்வி இறையியல் எனப்படும். கத்தோலிக்கத் திருச்சபையின் இறையியலை வளர்த்த அறிஞருள் தலைசிறந்தவராகப் போற்றப்படுபவர் தாமஸ் அக்குவினாஸ்.

இளமையும் துறவும்

இத்தாலியில் உரோம் நகருக்கும் நேப்பிள்ஸ் நகருக்கும் இடையே உள்ள ரோக்காசெக்கா கோட்டையில், ஏறத்தாழ 1225ஆம் ஆண்டில், உயர்குடி ஒன்றில் தாமஸ் பிறந்தார். ஐந்து வயதளவில் மோன்டே கசினோ மலைமீதிருந்த துறவுமடத்துக்குக் கல்வி கற்க அனுப்பப்பட்டார். செல்வமும் செல்வாக்கும் மிக்க அம்மடத்துக்குத் தம் மகன் ஒருநாள் தலைவராக வேண்டும் என்பது பெற்றோரின் விருப்பம்.

பின்னர் நேப்பிள்ஸ் பல்கலைக்கழகத்தில் பயின்றபோது, கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டிலின் நூல்கள் அவருக்கு அறிமுகமாயின. அங்கேயே தொமினிக் சபைத் துறவியரையும் கண்டார். அவர்கள் உடைமை ஏதுமின்றி, இரந்துண்டு, ஊர் ஊராகச் சென்று மறையுரை ஆற்றியவர்கள். தாமஸ் அச்சபையில் சேர்ந்தார். உயர்குடிப் பிள்ளை பிச்சையேற்பதா எனக் குடும்பத்தார் சினந்தனர். உடன்பிறந்தாரே அவரை வழிமறித்துப் பிடித்துச் சென்று, ஓராண்டளவு கோட்டையில் அடைத்து வைத்தனர். அவரோ அக்காலத்தையும் படிப்பிலேயே கழித்தார். அவர் மனம் மாறாததைக் கண்டு இறுதியில் விடுவித்தனர்.

ஊமை எருது

அதன்பின் பாரிஸ், கொலோன் நகரங்களில் ஆல்பர்ட் என்னும் பேரறிஞரிடம் தாமஸ் பாடம் கேட்டார். பருத்த உடலும் குறைந்த பேச்சும் உடைய அவரை உடன் பயின்றோர் ஊமை எருது எனக் கேலி செய்தனர். அந்த எருதின் குரல் ஒருநாள் உலகெங்கும் ஒலிக்கும் என்று ஆசிரியர் கூறியதாக வரலாறு உரைக்கிறது. 1256இல் தாமஸ் பாரிசில் இறையியல் பேராசிரியரானார்.

அறிவும் நம்பிக்கையும்

அக்காலத்தில் ஒரு பெரும் பூசல் எழுந்திருந்தது. அரிஸ்டாட்டிலின் நூல்களும், அவற்றுக்கு இபின் சினா, இபின் ருஷ்து போன்ற இசுலாமிய அறிஞர் தந்த விளக்கங்களும் இலத்தீனில் பெயர்க்கப்பட்டு ஐரோப்பாவில் பரவின. உலகுக்குத் தொடக்கமே இல்லை என்று அரிஸ்டாட்டில் கருதினார். அது திருச்சபையின் போதனைக்கு முரணானது. 1210இலேயே பாரிசில் அவருடைய இயற்கை பற்றிய நூல்களைக் கற்பிக்கத் தடை விதிக்கப்பட்டிருந்தது.

தாமஸ் அந்நூல்களை அஞ்சி ஒதுக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு ஏற்கவும் இல்லை. அறிவும் நம்பிக்கையும் இறைவன் தந்தவையே. ஆதலால் உண்மை உண்மைக்குப் பகையாகாது என்பது அவர் கொள்கை. இபின் ருஷ்துவைப் பல இடங்களில் மறுத்தபோதும், அவரை உரையாசிரியர் என்னும் சிறப்புப் பெயராலேயே சுட்டினார்.

இறையியல் தொகுப்பு

ஏறத்தாழ 1265இல் அவர் எழுதத் தொடங்கிய பெருநூல் ‘இறையியல் தொகுப்பு’. இறையியலைப் புதிதாகக் கற்போருக்காக எழுதப்பட்ட இந்நூலில் 512 வினாக்கள் உள்ளன. ஒவ்வொரு வினாவும் பல சிறு வினாக்களாகப் பிரிகிறது. அவை ஒவ்வொன்றிலும் தம் கருத்துக்கு எதிரான வாதங்களையே தாமஸ் முதலில் எழுதினார். அதன் பின்னரே தம் விடையைக் கூறி, எதிர்வாதங்களுக்கு ஒவ்வொன்றாக மறுமொழி தந்தார்.

சான்றாக, இறைவன் உண்டா என்னும் வினாவைக் காணலாம். எல்லையற்ற நன்மையே வடிவான இறைவன் இருந்தால் உலகில் தீமை இருக்க இயலாது. ஆனால் தீமை இருக்கிறது. இவ்வலிமையான மறுப்பை அவர் மறைக்கவில்லை; முதல் வரிசையில் வைத்தார். அதன் பிறகே இறைவன் உண்டு என்பதற்கு ஐந்து வழிகளைக் காட்டினார்.

நிறைவு பெறாத நூல்

1273ஆம் ஆண்டு திசம்பர் 6ஆம் நாள் திருப்பலி நிறைவேற்றியபின் தாமஸ் எழுதுவதை நிறுத்திவிட்டார். தமக்குக் காட்டப்பட்டதன் முன் தாம் எழுதிய யாவும் வைக்கோலைப் போலத் தோன்றுவதாக உதவியாளரிடம் கூறினார் என்பர். நூல் முற்றுப்பெறவில்லை. லியோன் நகரில் கூடவிருந்த பொதுச்சங்கத்துக்குச் செல்லும் வழியில் நோயுற்று, 1274 மார்ச் 7 அன்று ஃபொசனோவா மடத்தில் மறைந்தார்.

மூன்றாண்டுகளுக்குப் பின் பாரிஸ் ஆயர் 219 கருத்துகளைக் கண்டித்தார். அக்கண்டனம் தாமசின் கருத்துகள் சிலவற்றையும் தொட்டது. ஆயினும் 1323இல் திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்தது. 1567இல் மறைவல்லுநர் என்னும் சிறப்பையும் அளித்தது. இன்றும் அவர் நூலைத் திறப்போர், அவருடைய விடைக்கு முன்பாக, அவரை மறுப்போரின் வாதத்தையே படிக்கின்றனர்.

சிந்தித்து விடை எழுதுக

1. தாமஸ் தொமினிக் சபையில் சேர்ந்ததைக் குடும்பத்தார் எதிர்த்தது ஏன்?
2. ‘இறையியல் தொகுப்பு’ நூலில் ஒரு வினா எம்முறையில் ஆராயப்படுகிறது?
3. நீங்கள் உறுதியாக நம்பும் ஒரு கருத்தை எடுத்துக்கொள்க. அதற்கு எதிரான வலிமையான வாதத்தை முதலிலும், உங்கள் விடையை அதன் பின்னும் எழுதுக.