டாக்டர் பிரெடரிக் பான்டிங்

திருவண்ணாமலையில் நண்பரொருவர் இல்லத்தில் ஒரு கார்த்திகைத் தீபத்தன்று தங்கியிருந்தோம். மலையுச்சியிற் சுடர் தோன்றியதும் சிறுவரெல்லாம் பொரியுருண்டைக்கு ஓடினர். எட்டு வயதுப் பாலகன் ஒருவன் மட்டும் அன்னையின் அருகே காத்திருந்தான். அவ்வம்மையார் அவன் விரல்நுனிக் குருதியைச் சோதித்து, மருந்தின் அளவைக் கணித்து, ஊசி குத்திய பின்னரே அவன் கையில் ஓர் உருண்டையை வைத்தார். 1922க்கு முன்னர்ப் பிறந்திருப்பின் அவன் அத்தீபத்தைக் கண்டிருத்தல் அரிது. அவ்வூசிமருந்தை உலகுக்கு அளித்தோருள் ஒருவரின் சரிதத்தை ஈண்டுச் சுருங்க உரைப்போம்.

பான்டிங் 1891ஆம் ஆண்டு நவம்பர் 14ஆம் நாள் கனடா தேசத்து அல்லிஸ்டன் என்னும் ஊரருகே உழவர் குடியில் தோன்றினார். கல்லூரியில் முதலாண்டுத் தேர்வில் தவறினார். எனினும் மனந்தளராது மருத்துவம் பயின்றார். 1918இல் போர்க்களத்தில் தாம் காயமுற்றும் பிறர் புண்ணுக்கு மருந்திட்டுப் பதக்கம் பெற்றார். பின்னர்த் திறந்த மருத்துவசாலைக்கோ நோயாளர் வருகை மிகக் குறைவு.

அக்காலத்தில் நீரிழிவுற்ற குழந்தைகட்கு அரைப்பட்டினியே மருந்து. கணையம் இன்சுலினைச் சுரவாமையால் உண்ட உணவு உடலிற் சேராது. குழந்தை எலும்புந் தோலுமாய் மெலிந்து இறக்கும். 1920இல் கணையத்தைப் பற்றிய கட்டுரையொன்றைப் படித்த இரவில், அச்சுரப்பைப் பிரித்தெடுக்கும் உபாயம் பான்டிங்கிற்குத் தோன்றிற்று. டொராண்டோ சர்வகலாசாலைப் பேராசிரியர் மக்லியோட் இடமளித்தார். பெஸ்ட் என்னும் மாணவர் துணைநின்றார். 1921இல் நாய்களிடத்துச் சோதனை பலித்தது.

1922 ஜனவரி 11ஆம் நாள் லெனார்ட் தாம்சன் என்னும் 14 வயதுச் சிறுவனுக்கு முதல் ஊசி இடப்பட்டது. மருந்து தூய்மை குன்றியிருந்தமையால் பயன் சிறிதே. காலிப் என்னும் அறிஞர் அதனைத் தூய்மைசெய்தார். 23ஆம் நாள் மீண்டும் இட, குருதியிற் சர்க்கரை தணிந்தது. சாவை எதிர்நோக்கிய அச்சிறுவன் மேலும் 13 ஆண்டுகள் வாழ்ந்தான்.

1923இல் மக்லியோடுடன் நோபெல் பரிசு பெற்ற பான்டிங், தம் பங்கிற் பாதியைப் பெஸ்டுக்கு ஈந்தார். மருந்தின் உரிமையை அவரும் தோழரும் தலைக்கு ஒரு டாலருக்கே சர்வகலாசாலைக்கு அளித்தனர். 1941இல் விமான விபத்தில் அவர் மாண்டார்.

இன்சுலின் நோயை நீக்குவதன்று. நாள்தோறும் உயிரைக் காப்பது. அளவு மிகின் சர்க்கரை தாழ்ந்து குழந்தை வியர்த்து நடுங்கும்; உடனே சர்க்கரை கொடுத்தல் வேண்டும். பள்ளியில் அத்தகைய குழந்தை பாடவேளையில் உண்பதைத் தடுத்தல் தகாது. நாளை ஆசிரியராகும் நாம் இதனை அறிந்திருத்தல் கடன். பான்டிங் பிறந்த நவம்பர் 14 உலக நீரிழிவு தினம். நம் நாட்டில் அதுவே குழந்தைகள் தினமுமாம்.