தலைமை வழக்கறிஞர் பதவியைத் துறந்த எஸ். சீனிவாச ஐயங்கார்

நம் வேப்பூர்ப் பக்கத்து நிலவழக்குகள் விருத்தாசலத்தில் தொடங்கிக் கடலூர் வழியாகச் சென்னை உயர்நீதிமன்றம் வரை செல்வதுண்டு. அங்கே அரசுக்காக வாதாடும் முதன்மை வழக்கறிஞரே அட்வகேட் ஜெனரல். தலைமை வழக்கறிஞர் என்று தமிழில் வழங்குகிறோம். இன்று அரசியலமைப்பின் 165-ஆம் பிரிவின்படி ஆளுநர் அவரை நியமிக்கிறார். ஆங்கிலேயர் காலத்தில் இந்தியர் ஒருவர் எட்டக்கூடிய மிகவுயர்ந்த பதவிகளுள் அதுவும் ஒன்று. அதனைத் தாமாகவே உதறியவர் சீனிவாச ஐயங்கார்.

1874 செப்டம்பர் 11 அன்று இராமநாதபுரச் சீமையில் பிறந்த அவர், மதுரையிலும் சென்னை மாநிலக் கல்லூரியிலும் பயின்று, 1898-இல் உயர்நீதிமன்றத்தில் தொழில் தொடங்கினார். சென்னையில் அட்வகேட் ஜெனரலாக அமர்ந்த முதல் இந்தியரான சர் வி. பாஷ்யம் ஐயங்கார் இவருடைய மாமனார். மாமனார் வகித்த அப்பதவி 1916-இல் மருமகனுக்கும் வாய்த்தது. சி.ஐ.இ. பட்டமும் கிடைத்தது.

இப்பதவியின் இடர்ப்பாட்டை வாசகர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். பிற வழக்கறிஞர், மனம் ஒப்பாத கட்சிக்காரரை மறுத்துவிடலாம். இவரோ அரசாங்கத்துக்காக வாதாடியே ஆக வேண்டியவர். 1919 ஏப்ரல் 13 அன்று அமிர்தசரஸ் ஜாலியன்வாலா பாகில் கூடியிருந்த மக்கள்மீது ஜெனரல் டயர் சுடச் செய்தான். அது பஞ்சாபில் நிகழ்ந்தது; சென்னை வழக்கறிஞருக்கும் அதற்கும் தொடர்பில்லை என்று ஒதுங்கியிருக்கலாம். ஆனால் அதே ஆட்சியின் பெயரால் நாள்தோறும் மன்றத்தில் எழுந்து நிற்க வேண்டியவர் அவரே அல்லவா? 1920-இல் பதவியைத் துறந்தார். மறு ஆண்டு பட்டத்தையும் திருப்பி அனுப்பினார். பட்டத்தைத் துறந்தோர் பலர். இத்தகைய பதவியைத் துறந்தோர் மிகச் சிலரே என்பது நம் கருத்து.

பின்னர்க் காங்கிரசில் உழைத்து, 1926-இல் கௌஹாத்தி மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். சத்தியமூர்த்தி அவரிடம் இளம் வழக்கறிஞராகப் பயின்றவர். டொமினியன் அந்தஸ்து போதாது, முழு விடுதலையே வேண்டும் என்று நின்ற அவர், 1930-ஐ ஒட்டி அரசியலை விட்டு விலகினார்.

நம் குடும்பங்களுக்கும் தொடர்புடைய செய்தி ஒன்றுண்டு. சமணருக்கெனத் தனி வழக்காறு மெய்ப்பிக்கப்படாவிடில், தத்துக்கும் பாகப்பிரிவினைக்கும் இந்து சட்டத்தையே நீதிமன்றங்கள் கைக்கொண்டன. 1956-ஆம் ஆண்டு வாரிசுரிமைச் சட்டம் சமணரைப் பெயர் சுட்டியே சேர்த்துக்கொண்டது. அதற்கு முன்னெல்லாம் நீதிபதிகள் புரட்டிப் பார்த்த பெருநூல்களுள் ஒன்று, மெயின் துரை எழுதிய இந்து சட்ட நூல். அவரும் சென்னையில் தற்காலிக அட்வகேட் ஜெனரலாக இருந்தவரே. அந்நூலை விரிவாகத் திருத்திப் புதுப்பித்து 1938-இல் வெளியிட்டவர் சீனிவாச ஐயங்கார். மூன்றாண்டுகள் கழித்து, 1941 மே 19 அன்று சென்னையில் காலமானார்.